கழிவுநீரும் சாணமும் தரும் எரிவாயு

வடசென்னை வியாசர்பாடியை அடுத்த கொடுங்கையூரில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. கழிவுநீரிலிருந்து பிரியும் கசடு அங்கு காற்றுப் புகாத பெரிய கலன்களில் புளிக்க விடப்படுகிறது. அதில் உண்டாகும் மீத்தேன் வாயுவால் எஞ்சின் ஓட்டி, நிலையத்துக்கு வேண்டிய மின்சாரம் எடுக்க வசதி செய்துள்ளனர். 2019-ல், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் சுத்தம் செய்து மணலி, எண்ணூர் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையமும் இங்கு திறக்கப்பட்டது. ஆலைகள் இதை வாங்கிக்கொள்வதால் அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

மீத்தேனை எரிக்காமல் வெளியே விட்டால் கெடுதல் அதிகம். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

விவசாயிகளின் சாண எரிவாயுக் கலனும் இதே முறையில் இயங்குவதுதான். நாலைந்து மாடுகள் வைத்திருப்பவர் 2 கன மீட்டர் கலன் அமைக்கலாம். தினமும் சுமார் 50 கிலோ சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றவேண்டும். பினாயில், சோப்புத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும். குழாய் இணைப்புகளின் மேல் சோப்பு நுரை தடவிப் பார்த்தால், கசிவு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். அதை உடனே அடைக்கவேண்டும். கலனிலிருந்து வரும் கரைசலை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து வீணாகும். நிழலில், குப்பையுடன் சேர்த்து மக்கவிடுவது நல்லது.

நகரத்துக் கசடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வயலுக்கு அள்ளி வரவேண்டாம். ஆலைக் கழிவு கலந்திருந்தால் காட்மியம், குரோமியம் போன்றவை மண்ணில் தங்கிவிடும். பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே வாங்கவேண்டும்.