சோக்கைத் திறந்ததும் நின்றுவிடும் மிசின்

இடம்பெயர்கையில் நாம் கையோடு கொண்டுபோன இறைப்பு மிசின், மாதக்கணக்கில் சாக்குக்குள் கிடந்தபின் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் காட்டும். சோக்கை மூடினால் பிடிக்கும், திறந்தால் நின்றுவிடும். மிளகாய்க் கன்று வாடுகிற அவசரத்தில் உடனே திருகாணியைத் திருகுகிறோம். அது சும்மா ஓடும்போதுள்ள கலவையைத்தான் மாற்றும். இறைக்கும்போது எண்ணெய் கொடுப்பது பெரிய ஜெற். பழைய பெற்றோல் பிசினாகி அதன் துவாரத்தை அடைத்திருக்கும்.

முதலில் தாங்கி மூடியைப் பாருங்கள். அதன் காற்றுத் துவாரம் அடைபட்டால் மிசின் சிறிது நேரம் ஓடி நிற்கும். மூடியைத் தளர்த்த மறுபடி ஓடும். அது சரியென்றால் விளக்கைத் தூர வைத்துவிட்டு, காபுரேற்றர் கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்றைப் பெற்றோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பினால் ஊதுங்கள். கம்பியால் குத்தவேண்டாம். நாமும் ஒருமுறை குத்தினோம். துவாரம் பெருத்து, மிசின் எண்ணெயைக் குடித்துக் கரும்புகை கக்கியது.

பிறகு திருகாணியை முட்டும்வரை மெதுவாகப் பூட்டி, ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். இறுக்கினால் கூர் கெடும். மிசின் சூடானபின் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள். சற்று இறைத்தபின் பிளக்கைப் பாருங்கள்: இளங்கபிலம் நல்லது, வெள்ளை என்றால் எண்ணெய் குறைவு, கரி என்றால் மிகுதி அல்லது காற்று வடியில் அழுக்கு.

1990இல் வடக்கில் தொடங்கிய எரிபொருள் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு சொல். பெற்றோலில் நன்கு சூடானபின்பே மாற்றுங்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வாருங்கள். ஒயில் மட்டம் ஏறினால் மகிழவேண்டாம். மண்ணெண்ணெய் கசிந்து கலந்திருக்கிறது, ஒயிலை மாற்றிவிடுங்கள்.