லாபம் பிரிக்கும்போது பைசாவை வெட்டுவது எப்படி? - கணினிப் பாடம்



லாபம் பிரிக்கும் நாளில்தான் சில குழுக்களில் மனஸ்தாபம் வருகிறது. "ஆளுக்கு 266ன்னு பேப்பர்ல இருக்கு. பெட்டியில 6 ரூபாய் குறையுதே, யார் எடுத்தது?" என்று கேள்வி எழும். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எக்செல்லில் பைசாவைச் சரியாக வெட்டாமல் விட்டதே காரணமாக இருக்கலாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். குழுவில் 16 பேர். சமமாகப் பிரிக்க வேண்டிய லாபம் ரூ.4,250. வகுத்தால் ஆளுக்கு ரூ.265.625 வரும். இந்தப் பைசாவைக் கையில் கொடுக்க முடியாது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. ஆகவே முழு ரூபாயாகத்தான் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதது

புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களை மறைக்க எக்செல்லில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கட்டத்தில் 266 என்று தெரியும். ஆனால் உள்ளே 265.625தான் இருக்கும். கூட்டுத்தொகை 4,250 என்றே காட்டும். பணம் கொடுக்கும்போது 266 வீதம் 16 பேருக்கு 4,256 வேண்டும். அந்த 6 ரூபாய்க்கு எங்கே போவது?

செய்ய வேண்டியது

1. பி1 கட்டத்தில் லாபம் 4250, பி2 கட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 16 என்று போடுங்கள்.
2. பி3 கட்டத்தில் =இன்ட்(பி1/பி2) என்று அடியுங்கள். எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். 'இன்ட்' என்பதற்கு ஐ, என், டி என்ற மூன்று எழுத்துகள். விடை 265. பைசா நிஜமாகவே நீங்கிவிடும்.
3. பி4 கட்டத்தில் =பி1-பி2*பி3 என்று அடியுங்கள். விடை 10. இதுதான் மீதி.

இந்த 10 ரூபாய் ஊக்குநருக்கோ கணக்கு எழுதுபவருக்கோ சொந்தமில்லை, குழுவின் பணம். "ஆளுக்கு ரூ.265 வீதம் ரூ.4,240 வழங்கப்பட்டது. மீதி ரூ.10 குழுக் கணக்கில் வைக்கப்பட்டது" என்று தீர்மான நோட்டில் எழுதி, கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கும் விவரம் போய்ச் சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, கணக்கின் நடுவில் வெட்டாதீர்கள். சேமிப்புக்குத் தக்கபடி பிரிக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தச் சேமிப்பு 1,00,000 என்றால், ஒரு ரூபாய் சேமிப்புக்கு லாபம் 0.0425. இதை வெட்டினால் பூஜ்யம். யாருக்கும் ஒன்றும் கிடைக்காது! 7,250 ரூபாய் சேமித்தவருக்கு முதலில் பெருக்குங்கள், 308.125 வரும். கடைசியில் வெட்டுங்கள், 308.

இரண்டு, நஷ்டக் கணக்கில் கவனம் தேவை. கழித்தல் குறியோடு -265.625 என்று இருந்தால், இன்ட் போடும்போது -266 ஆகிவிடும். பைசாவை மட்டும் நீக்க, =ரவுண்ட்டவுன்(பி1/பி2,0) என்று போட்டால் -265 வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

லாபம் ரூ.3,100, உறுப்பினர்கள் 14 பேர். ஆளுக்கு எவ்வளவு? மீதி எவ்வளவு? (விடை: ரூ.221, மீதி ரூ.6)

கம்ப்யூட்டர் இல்லாத குழுக்கள் நோட்டிலேயே இதைப் போடலாம். வழி ஒன்றுதான்: கொடுத்ததையும் மீதியையும் கூட்டினால் மொத்த லாபம் வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுக் கணக்கை இப்படி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.