வானொலிச் செய்தித்தமிழும் சரோஜ் நாராயணசாமியும்

முன்னுரை

தமிழ் உரைநடை வரலாற்றில் நாளிதழ் நடைக்குக் கிடைத்த இடம் வானொலிச் செய்தி நடைக்குக் கிடைக்கவில்லை. அச்சேறியது சான்றாக நிற்கிறது. ஒலித்தது காற்றோடு போகிறது. எனினும், எழுத்தறிந்தாரும் அறியாதாரும் ஒருங்கே கேட்ட பொதுத்தமிழ் எதுவென வினவின், வானொலிச் செய்தியையே முதலிற் சுட்டவேண்டும். அச்செய்தியைத் தில்லியிலிருந்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் வாசித்தவர் சரோஜ் நாராயணசாமி. அவர் குரல் போற்றப்பட்ட அளவுக்கு அவருடைய மொழிபெயர்ப்புப் பணி கருதப்படவில்லை என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

கேட்போர் நிலம்

திண்டுக்கல் – வத்தலக்குண்டுச் சாலையில், மதுரையிலிருந்து பழனி நோக்கிச் செல்லும் வழியும் வந்து கூடும் ஊர் செம்பட்டி. 1939இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி நிலையமே இச்சமவெளிக்கு நெடுங்காலம் அண்மை நிலையமாக இருந்தது; மதுரை நிலையம் 1987இல்தான் வந்தது. தில்லிச் செய்தியை இந்நிலையங்கள் அஞ்சல் செய்தன. ழகரம் ளகரமாக ஒலிக்கும் பேச்சு வழங்கும் இப்பகுதியில், நாள்தோறும் திருத்தமான ழகரம் ஒலித்த இடங்களுள் வானொலிப் பெட்டியும் ஒன்று. அவ்வாறு ஒலித்தவர் மும்பையில் வளர்ந்த தமிழர் என்பது கருதத்தக்கது. எந்த மாவட்டத்தின் சாயலும் அக்குரலில் மேலோங்கவில்லை. அதனாலேயே எல்லா மாவட்டத்தாரும் அதனைத் தமதெனக் கொண்டனர் எனலாம்.

மொழிபெயர்ப்பும் வாசிப்பும்

தில்லியில் இந்திய மொழிப் பிரிவுகளின் பணியிடத்துக்குச் ‘செய்தி வாசிப்பாளர் – மொழிபெயர்ப்பாளர்’ என்பதே பெயராக இருந்தது. பொதுச் செய்தி அறையிலிருந்து வரும் ஆங்கிலப் படியைக் குறுகிய நேரத்திற்குள் தமிழாக்கி, உடனே ஒலிவாங்கியின் முன் அமரவேண்டியிருந்தது. இங்கு இடர்ப்பாடு சொல்லைவிடத் தொடரமைப்பிலேயே மிகுதி. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். படிப்பவர் கண்ணை மீண்டும் மேலே செலுத்தலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, கூற்றை முதலிற் கூறி ‘என்று பிரதமர் தெரிவித்தார்’ என முடிப்பதும், நீண்ட கூற்றை இரண்டாகப் பகுத்து அடுத்த தொடரை ‘மேலும் அவர்’ எனத் தொடங்குவதும் செய்தித்தமிழின் வழக்காயின. இன்று மேடையிலும் அலுவலக அறிக்கையிலும் இவ்வமைப்பு இயல்பாக வழங்குவதில் வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு.

சீனத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி 1978 சனவரி 1இல் தொடங்கியது. அதில் 1983 முதல் வாசித்த லுவோ ஜிங், பிழையின்றி வாசிப்பவர் என்னும் புகழோடு 2009இல் மறைந்தார். பிறர் எழுதியதைச் சொல் பிசகாது சொல்வதே அங்கு அவரது தொழில். சரோஜ் நாராயணசாமியின் பணிநிலை வேறு. அவர் பணியில் வாசிப்புக்கு முந்திய எழுத்தும் அடங்கும். 2022 ஆகத்து 13இல் தம் 87ஆம் அகவையில் மும்பையில் அவர் மறைந்தபோது நினைவுகூரப்பட்டது பெரிதும் குரலே.

இதற்கு அறிவிப்புத் தொடரும் ஒரு காரணம். ‘ஆகாஷவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசாமி’ என்பதில் ‘வாசிப்பது’ ஆண்பால், பெண்பால் காட்டாது நிற்கிறது. ‘வந்தது யார்?’ என்பதுபோலப் பெயருக்கு அழுத்தம் தரும் அமைப்பு இது. அங்ஙனம் அழுத்தம் பெற்ற பெயரோடு சேர்ந்த வினை வாசித்தல் ஒன்றே. மொழிபெயர்த்தலைக் குறிக்கும் சொல் அத்தொடரில் இல்லை.