ஓடினால் ஏன் இளைக்கிறது?



சென்ற ஆண்டு விளையாட்டு விழா ஒத்திகையில் என் தங்கை 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியபோது சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஐந்து நிமிடம் கழித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடும்போது விசில் போல் சத்தம் கேட்டது. அரைமணி நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டது.

தாமலில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் ஆயா தறியை விட்டு எழுந்து வந்தார்கள். "பெண் பிள்ளைக்கு இனி ஓட்டம் வேண்டாம். தூதுவளை ரசம் வைத்துத் தருகிறேன், சளி இறங்கிவிடும்" என்றார்கள். ரசம் தினமும் வந்தது. ஆனாலும் மறுவாரம் மறைவாக ஓடிப் பார்த்தபோது மறுபடியும் இளைத்தது. ஆயாவின் மருந்து பொய்யா, அல்லது நோய்தான் வேறா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நாம் சும்மா இருக்கும்போது மூக்கு காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. ஓடும்போதோ வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்குகிறோம். வறண்ட காற்று மூச்சுக் குழாயின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அப்போது அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சிலருக்கு மட்டுமே இப்படி நேர்கிறது. ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் இளைப்பு உச்சத்துக்குப் போகும். ஆகவே சளி இல்லாதவருக்கும் இது வரும்.

தூதுவளை வெறும் நம்பிக்கை அன்று. தூதுவளை, கண்டங்கத்திரி இரண்டின் பொடியையும் 300 மில்லிகிராம் அளவில் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு இலகுவாகி, 6 முதல் 8 மணி நேரம் வரை பலன் நின்றது. ஆனால் சல்பூட்டமால் மாத்திரை அளவுக்கு இல்லை. மேலும் அது பொதுவான ஆஸ்துமாவைப் பற்றியது. ரசத்தில் எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்று யார் அளந்தார்கள்? இளைப்பு தொடங்கிய பின் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் முடியாதே!

நம் ஊர்ச் செடி கடல் கடந்த கதையும் உண்டு. சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த டாக்டர் ஆண்டர்சன், ஊமத்தை வேரைப் புகைக்கும் வைத்தியத்தை ஜெண்ட் என்ற ராணுவ அதிகாரிக்குச் சொன்னார். அவர் 1802-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டுகளே விற்றன! ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக் குழாயைத் தளர்த்தும்; அளவு கூடினால் புத்தி பேதலித்து உயிரும் போகும். தயவுசெய்து யாரும் தொட்டுப் பார்க்காதீர்கள். அட்ரோபினைத் திருத்திச் செய்த இப்ராட்ரோப்பியம் என்ற மருந்து இன்று இன்ஹேலரில் இருக்கிறது.

ஓட்டத்துக்கென்றே பொருந்தும் மருந்து எகிப்தின் கெல்லா என்ற செடியிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் பணிபுரிந்த டாக்டர் ரோஜர் அல்டூனியனுக்கே ஆஸ்துமா இருந்தது. கினிப் பன்றியின் முடியைக் கரைத்து முகர்ந்து, வேண்டுமென்றே இளைப்பை வரவழைத்துக்கொண்டு, செடியின் சத்தை ஒட்டிச் செய்த மருந்துகளைத் தம் மீதே சோதித்தார். 1965-இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. ஓடுவதற்கு முன் உறிஞ்சினால் இளைப்பைத் தடுக்கும். வந்த பின் உறிஞ்சிப் பயனில்லை.

அப்பா தங்கையை டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றார். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளந்தார்கள். ஓட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்பு சல்பூட்டமால் இன்ஹேலர், பிறகு மெதுவாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடுவது என்று சொல்லித் தந்தார்கள். "ஓட்டத்தை நிறுத்த வேண்டாமா?" என்று அப்பா கேட்டார். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் 597 பேரில் 67 பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது என்றும், அவர்கள் 41 பதக்கங்கள் வாங்கினார்கள் என்றும் நான் படித்ததை அவரிடம் சொன்னேன். அப்பா அரை மனதாகத் தலையசைத்தார்.

இந்த ஆண்டு 800 மீட்டரில் அவள் நான்காவதாக வந்தாள். இளைக்கவில்லை. எல்லாம் தூதுவளை ரசத்தால்தான் என்று ஆயா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தங்கை ரசத்தையும் விடவில்லை. அது சோற்றுக்கு நன்றாக இருக்கிறதாம்.