செவிடான காதும் பின்னாளில் வரும் தலைச்சுற்றலும்

சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி கண்டோ, மூளைக் காய்ச்சலாலோ, தலையில் அடிபட்டோ ஒரு காது கேளாமற் போனவர்கள் நம்மிடையே உண்டு. மறுகாது நன்கு கேட்பதால் அவர்களுடைய வியாபாரம் தடையின்றி நடந்து வரும். பல ஆண்டுகள் சென்றபின் ஒருநாள் திடீரெனக் கடையே சுழல்வதுபோல் தோன்றும், வாந்தி வரும், நிற்க முடியாது. பித்தமென்றும் பசியென்றும் எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறோம். கேளாத காதை யாரும் சந்தேகிப்பதில்லை.

உட்செவிக்கு இரண்டு வேலைகள் உள. ஒன்று கேட்பது, மற்றொன்று உடலை நிலைதவறாமல் காப்பது. முதல் வேலை நின்றுபோன காதிலும் இரண்டாவது வேலை நடந்துகொண்டிருக்கக்கூடும். அங்குள்ள நீர் நாளடைவில் மிகுந்து சவ்வுப்பை வீங்கினால், மூளைக்குத் தவறான செய்தி போகிறது, உலகம் சுற்றுகிறது. தலைச்சுற்றல் உட்செவியிலிருந்தும் பிறக்கும் என்று 1861இல் பாரிஸில் எடுத்துரைத்தவர் மெனியேர் என்னும் மருத்துவர். செவிடாகிப் பல்லாண்டு கழித்து வரும் இவ்வகையை 1970களில் மருத்துவர்கள் தனியே விவரித்தனர்.

சிகிச்சை படிப்படியானது. முதலில் உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பதை மறக்கலாகாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் பீட்டாஹிஸ்டினும் மருத்துவர் கொடுப்பதுண்டு. இவற்றால் தீராவிடில், செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் மருந்தை ஊசியால் செலுத்தி அக்காதின் சமநிலை உணர்வை அடக்குவர். அம்மருந்து கேள்வியைக் கெடுக்கக்கூடியது. எனினும் முன்பே செவிடான காதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கும் அடங்காதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. பிறகு சில வாரங்கள் நடை தள்ளாடும்; பயிற்சி செய்துவர, மூளை மறுகாதைக் கொண்டு பழகிக்கொள்ளும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. சிலருக்கு நோய் காண்பது கேளாத காதில் அன்று, நல்ல காதிலேயே. அக்காதில் இரைச்சலோ, கேள்வி ஏறி இறங்குவதோ தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. இருப்பது அந்த ஒரு காதுதானே! எந்தக் காது குற்றவாளி என்பதைச் சோதித்தறிந்த பின்னரே ஊசி போடுவர்.

ஆதலால் மருத்துவரிடம் செல்லும்போது, பழைய செவிட்டைப் பற்றி அவர் கேளாவிடினும் நாமே சொல்லிவிட வேண்டும். நோய் தணியும்வரை ஏணியில் ஏறிச் சரக்கெடுப்பதும் வாகனம் ஓட்டுவதும் கூடாது. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கைகால் சோர்ந்தாலோ அது மூளை இரத்தக் குழாயின் கோளாறாக இருக்கலாம். அப்போது கடையைப் பிறர் பார்த்துக்கொள்ளட்டும். உடனே ஆஸ்பத்திரிக்கு விரைவோமாக.