பேண்ட் ஆபரேஷனுக்குப் பிறகு... பசி திரும்பி வந்தா பயப்படாதீங்க!

‘‘அவ்வளவு செலவு பண்ணி வயித்துல வளையம் போட்டாச்சு. மூணு வாரம் நல்லாத்தான் இருந்தது. இப்போ பழையபடி பசிக்குதே... ஆபரேஷன் ஃபெயிலா?’’

எடை குறைவதற்காக இரைப்பையில் ‘பேண்ட்’ போட்டுக்கொண்ட பலரும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. வெளியே சொல்ல வெட்கம். சொன்னால், ‘‘வாயைக் கட்ட முடியாதவளுக்கு எதுக்கு ஆபரேஷன்?’’ என்று வீட்டிலேயே யாராவது குத்திக்காட்டுவார்களோ என்ற பயம். இந்த இடத்தில் மனசு விட்டுப்போய், ‘எப்படியும் பலன் இல்லை’ என்று ஐஸ்கிரீமில் கை வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

உண்மை என்ன தெரியுமா? அந்தப் பசி எதிர்பார்த்த ஒன்றுதான். ஆபரேஷன் தோற்றதற்கு அது அடையாளமே இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, வளையம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

வளையம் என்ன செய்கிறது?

இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி, இடுப்பு பெல்ட் போல ஒரு சிலிகான் வளையத்தை மாட்டுகிறார்கள். அதற்கு மேலே ஒரு குட்டிப் பை உருவாகிறது. அதன் கொள்ளளவு சுமார் 15 முதல் 30 மில்லி. அதாவது ஒன்று அல்லது இரண்டு மேசைக் கரண்டி! வளையத்தின் உள்பக்கம் பலூன் போன்றது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் ‘போர்ட்’ என்ற சிறு குமிழில் சேர்கிறது. அந்தக் குமிழில் ஊசி போட்டு உப்பு நீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றி இணைப்பதும் இல்லை.

லேப்பராஸ்கோப்பி மூலம் இந்த வளையம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 1993-ல், பெல்ஜியத்தில். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. அதன்பிறகு சில ஆண்டுகள் உலகமெங்கும் ஏகப்பட்ட வரவேற்பு. 2010-க்குப் பிறகு மவுசு வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று இந்தியாவிலும் மற்ற நாடுகளிலும் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுக்கும் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன்தான் அதிகம் நடக்கிறது. ஆனாலும் முன்பே வளையம் போட்டுக்கொண்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், இனிமேல் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இந்தப் பாடம் அவசியம்.

முதல் சில நாட்கள்

சின்னச் சின்னத் துளைகள் வழியாகச் செய்வதால், பெரும்பாலானவர்கள் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடலாம். அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். ‘‘ஆபரேஷன் ஆன உடம்பு, படுத்தே இரு’’ என்று அன்பால் தடுக்காதீங்க. காலில் ரத்தம் உறையாமல் இருக்க அந்த நடைதான் மருந்து.

‘‘வயித்துல ஆபரேஷன், தோள்பட்டை ஏன் வலிக்குது?’’ என்று பலர் பதறுவார்கள். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடக்க நடக்க, சில நாட்களில் தானாகக் குறையும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால், சுமார் ஒரு வாரத்தில் ஆபீஸ் போகலாம். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை... இதெல்லாம் நாலு முதல் ஆறு வாரம் வரை வேண்டாம்.

சாப்பாடு படிப்படியாக...

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணைதான் முக்கியம். பொதுவான வரிசை இதுதான்:

முதல் ஓரிரு நாள்: தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், தெளிந்த ரசம். மடக் மடக்கென்று அல்ல, ஒவ்வொரு மிடறாக.

இரண்டு வாரம் வரை: மோர், கொழுப்பு நீக்கிய பால், வடித்த பருப்புத் தண்ணீர், மெல்லிய கஞ்சி. சர்க்கரை சேர்க்கக்கூடாது.

மூன்றாவது, நான்காவது வாரம்: மிக்ஸியில் அடித்த உணவு. மசித்த பருப்பு, மசித்த காய், கெட்டியில்லாத கூழ்.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: மென்மையான உணவு. சாம்பாரில் ஊறிய இட்லி, குழைய வேகவைத்த காய், முட்டை, பன்னீர், முள் நீக்கிய மீன். அதற்குப் பிறகுதான் வழக்கமான சாப்பாடு.

‘எனக்குத்தான் நல்லா இறங்குதே’ என்று ஒரு படியைத் தாண்டாதீங்க. வளையம் நகராமல் இருக்க உள்ளே போட்ட தையல் ஆற வேண்டும். அதற்குள் கெட்டியான உணவைத் தள்ளி, அதனால் வாந்தி வந்தால் வளையம் இடம் பெயர்ந்துவிடலாம்.

சரி, பசி ஏன் திரும்புகிறது?

ஆபரேஷன் ஆன புதிதில் வளையத்தைச் சுற்றி வீக்கம் இருக்கும். அதனால் கொஞ்சம் குடித்தாலே வயிறு நிரம்பிய மாதிரி தோன்றும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆனால் வளையத்துக்குள் இன்னும் உப்பு நீர் நிரப்பவில்லை. அது கிட்டத்தட்டக் காலியாக, தொளதொள பெல்ட் மாதிரி கிடக்கிறது. பிறகு பசிக்காமல் என்ன செய்யும்?

முதல் இறுக்கம் வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். ஆக, நடுவில் வரும் இந்த நாட்கள் ஆறுவதற்கான காலம். எடை குறைவதற்கான காலம் அல்ல. இந்த வாரங்களில் எடை இயந்திரத்தின் முள் நகராவிட்டால் அழாதீங்க. ஒன்றிரண்டு கிலோ ஏறினாலும் உலகம் இடிந்துவிடாது. அட்டவணையைக் காப்பாற்றினீர்கள் என்றால் பாஸ்!

இறுக்குவது எப்படி?

டாக்டரின் அறையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில இடங்களில் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். இதற்கென்று உள்ள தனி ஊசியைத்தான் போர்ட்டில் குத்த வேண்டும். சாதாரண ஊசி குமிழைக் கிழித்துவிடும். அதனால், ‘‘தெருமுனை கிளினிக்கிலேயே போட்டுக்கலாமே’’ என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

ஒரே தடவையில் சரியான அளவு அமைவது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக, சில சந்திப்புகளில்தான் அமையும். ஒவ்வொரு தடவையும் இறுக்கிய பிறகு ஓரிரு நாள் மறுபடி திரவ உணவுக்குப் போகச் சொல்வார்கள்.

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னக் கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைந்து, மூணு நாலு மணி நேரம் பசிக்காமல் இருந்தால் சரி. பெரிய தட்டு நிறையச் சாப்பிட முடிகிறது, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்றால் இன்னும் தளர்வாக இருக்கிறது.

இறுக்கம் அதிகமானால் எடை வேகமாகக் குறையுமா?

இதுதான் பலர் விழும் பள்ளம். ‘‘டாக்டர், இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க’’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். என்ன ஆகிறது? சப்பாத்தி இறங்கவில்லை, காய் இறங்கவில்லை, கோழிக்கறி இறங்கவில்லை. எது இறங்குகிறது? ஐஸ்கிரீம், மில்க் ஷேக், பாயசம், காபியில் நனைத்த பிஸ்கெட்! வளையத்துக்கு இனிப்பு, காரம் தெரியாது. கெட்டியானதைத் தடுக்கும், வழுக்கிப் போவதை விட்டுவிடும். கடைசியில் எடை குறைவதற்குப் பதில் கூடுகிறது.

இதோடு படுத்தால் நெஞ்செரிச்சல், ராத்திரியில் இருமல், எச்சில் எதிர்த்து வருவது, அடிக்கடி வாந்தி என்று இருந்தால் வளையம் ரொம்ப இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தளர்த்தத்தான் வேண்டும், இறுக்கக் கூடாது. அப்படியே சகித்துக்கொண்டிருந்தால் மேலே இருக்கும் பையும் உணவுக் குழாயும் விரிந்துபோகலாம்.

சாப்பிடும் முறை

* ஒரு கவளம் என்றால் சுண்டுவிரல் நகம் அளவு. இருபது தடவைக்கு மேல் மென்று, கூழான பிறகே விழுங்குங்கள்.

* சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கூடவே குடித்தால் உணவு கரைந்து சீக்கிரம் இறங்கி, வயிறு நிறைந்த உணர்வு போய்விடும்.

* தட்டில் முதலிடம் புரதத்துக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் என்பது பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம் கிடைக்கும். சாதம் கடைசியில்தான்.

* குழைந்து உருண்டையாகும் சாதம், புது பிரெட், நார் நிறைந்த இறைச்சி ஆகியவை பலருக்கும் அடைத்துக்கொள்ளும். பார்த்துச் சாப்பிடுங்கள்.

* சோடா, கோலா போன்ற காஸ் பானங்கள் கூடாது.

சாப்பிடும்போது நடு நெஞ்சில் கல் வைத்தது போலிருந்தால், உடனே சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீங்க. எழுந்து மெதுவாக நடங்கள். சரியான பிறகும் ஒரு நாள் திரவ உணவுதான்.

மாத்திரை விஷயம்

பெரிய மாத்திரைகள் அடைத்துக்கொள்ளலாம். உடைத்துப் போடலாமா, சிரப்பாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. மூட்டுவலி, தலைவலிக்கு நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பல இரைப்பையைப் புண்ணாக்குபவை. கேட்காமல் தொடாதீங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அளவை எடை குறையக் குறைய மாற்ற வேண்டியிருக்கும். குறைவாகச் சாப்பிடுவதால் விட்டமின் மாத்திரையும் தொடர வேண்டும்.

பெண்கள் கவனத்துக்கு: எடை குறையும்போது, முன்பு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அதன்பிறகு கர்ப்பமானால் தேவைக்கேற்ப வளையத்தைத் தளர்த்திக்கொள்ளலாம்.

எவ்வளவு குறையும்?

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ என்பது நல்ல வேகம். ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் பலருக்கு, இரண்டு ஆண்டுகளில் கூடுதல் எடையில் 40 முதல் 50 சதவீதம் குறைகிறது. உதாரணமாக, 60 கிலோ இருக்க வேண்டியவர் 95 கிலோ இருந்தால் கூடுதல் எடை 35 கிலோ. அதில் 14 முதல் 17 கிலோ குறைந்தால் அது வெற்றிதான். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்லீவ் செய்து ஆறே மாதத்தில் இளைத்தார் என்று ஒப்பிடாதீங்க. அது வேறு ஆபரேஷன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* தண்ணீரோ எச்சிலோகூட இறங்காமல் சில மணி நேரம் நீடித்தால்

* வாந்தி நிற்காவிட்டால்

* காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி

* நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்

* கறுப்பாக மலம் போனால்

* போர்ட் இருக்கும் இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால்

பல ஆண்டுகள் தொந்தரவே இல்லாமல் இருந்தவர்களுக்கும் வளையம் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போகலாம், குழாய் கசியலாம். இதனால் பலருக்கு மறுபடி ஆபரேஷன் செய்து வளையத்தை எடுக்க வேண்டியிருந்தது. மவுசு குறைந்ததற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ‘போட்டு பத்து வருஷம் ஆச்சு, ஒண்ணும் இல்லை’ என்று செக்கப்பை விட்டுவிடாதீங்க. வளையம் உள்ளே இருக்கும்வரை வருடம் ஒரு தடவையாவது காட்ட வேண்டும். போட்டவர் ஊரில் இல்லையா? உடல் பருமன் ஆபரேஷன் செய்யும் வேறு சர்ஜனிடம், பழைய ரிப்போர்ட்டோடு போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

‘‘இவ்வளவுதானா சாப்பிடறே? இன்னும் ஒரு வாய்...’’ என்று ஊட்டாதீங்க. ‘‘இன்னும் இளைக்கலையே?’’ என்று தினமும் கேட்காதீங்க. சின்னத் தட்டு ஒன்று எடுத்துவையுங்கள். அவர் மென்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.

மூணாவது வாரத்தில் பசி எடுத்தால், காலண்டரில் முதல் இறுக்கத்தின் தேதியை வட்டம் போட்டுக் காட்டி, ‘‘இன்னும் கொஞ்ச நாள்தான்’’ என்று சொல்லுங்கள். வளையம் தன் வேலையை அதன்பிறகுதான் தொடங்கப்போகிறது!