மணிக்கு விலை வைக்குமுன்

அன்புத் தங்கைக்கு,

குடுபல்லியில் வீட்டோடு ஒரு பர்னர் போட்டு, கண்ணாடி மணி செய்து விற்றே பிழைப்பது என்று நீ முடிவெடுத்திருப்பது நல்ல செய்தி. அதற்குமுன், முன்பு உன் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்த ஓர் ஊரைத் தெரிந்துகொள். ஏர்ப்பேடு பக்கம் இருக்கும் பாப்பாநாயுடுபேட்டை அது. 2022இல் சித்தூரைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தோடு போய்விட்டது.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மணித்தொழிலின் வாரிசு இந்த ஊர்தான் என்றார் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் ஜூனியர். இலங்கையின் மாந்தையிலும் வியட்நாமின் ஓக் ஏயோவிலும் மண்ணுக்கடியில் கிடைக்கும் சிறு மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

பாப்பாநாயுடுபேட்டையில் வேலை நடந்த விதம் இது. 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பெரிய கட்டியாகச் சுற்றி, கூம்பாக உருட்டி, நடுவில் துளைவிட்டுச் சூளைக்குள் வைப்பார்கள். மறுபக்கச் சின்ன வாசலில் ஒருவர் கொக்கியால் முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால், மெல்லிய கண்ணாடிக் குழல் மணிக்கணக்கில் நீண்டுகொண்டே வரும். இழுக்கும் வேகம் கொஞ்சம் தவறினாலும் குழல் பருக்கும், அல்லது அறும். பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடையாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கச் சாம்பலில் புரட்டிச் சூடேற்றுவார்கள். கூரான விளிம்பு உருகி உருண்டையாகும். கடைசியில் சலித்து, கோக்க வேண்டும். ஊரே சேர்ந்து செய்யும் வேலை. செய்தவர் பெயர் எந்த மணியிலும் இருக்காது.

அந்த வேலையோடு நீ விலையில் போட்டி போடாதே. ஆந்திரப் பெண்கள் தாலியோடு அணியும் நல்லபூசலு, நாம் கருகமணி என்பது, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வேண்டும். பர்னர் முன் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அதைச் செய்வது கட்டுப்படியாகாது.

நீ செய்வது ஒவ்வொன்றாகச் சுற்றும் மணி. களிமண் குழம்பு பூசிய எஃகுக் கம்பியில் உருகும் கண்ணாடியைச் சுற்றி, வண்ணப் புள்ளி வைத்து, இழுத்துப் பூவாக்குகிறாய். வாங்குபவர் பூவைப் பார்ப்பார். நீ துளையின் விளிம்பைப் பார். விளிம்பு உள்பக்கமாகக் குழிந்திருந்தால் நல்ல மணி. கூராக நின்றால் நூலை அறுத்துவிடும்.

கண்ணாடி வகைகளைக் கலக்காதே. விரிவடையும் அளவு வெவ்வேறாக இருந்தால் இன்று பளபளக்கும் மணி அடுத்த வாரம் வாங்கியவர் கழுத்திலேயே விரிசல் விடும். முரானோ வகை மென்கண்ணாடியென்றால் சுமார் 510 டிகிரி செல்சியஸில் மின்உலையில் வைத்து, மெதுவாக ஆறவிடு. உலை வாங்கப் பணமில்லை என்றால் விற்பதைத் தள்ளிப்போடு. சுடரின் மஞ்சள் ஒளியைத் தடுக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி இல்லாமலோ, காற்றோட்டம் இல்லாத அறையிலோ உட்காராதே.

இனி விலை. ஒரு மணிக்கு இருபது நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் இருபத்து நான்குதான். ஆனால் கம்பி தயாரிப்பு, துளை கழுவுவது, போட்டோ, பார்சல், கணக்கு என்று பாதி நாள் போய்விடும். ஆக, தேறுவது பன்னிரண்டு. அதில் விரிசல் விட்டதைக் கழி. கேஸ், ஆக்சிஜன், கண்ணாடிக் குச்சி, மின்சாரம், உன் நாள் கூலி எல்லாவற்றையும் மிஞ்சிய மணிகளின் தலையில் ஏற்று. வருகிற தொகை பெரிதாகத் தெரியும். கூலியை விட்டுவிட்டு விலை குறைப்பவர்கள்தான் இந்தத் தொழிலைச் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

கடனுக்கு என்று பார்த்தால், 2023இல் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் குயவர், தட்டார், பூத்தொடுப்பவர் என 18 தொழில்கள் உண்டு. கண்ணாடி மணி இல்லை. கடன் அங்கே கிடைக்கும் என்று காத்திராதே. அதற்குப் பதில், மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்குத் தரும் 'பெஹ்சான்' அடையாள அட்டைக்கு இந்த மாதமே மனுப் போடு.